சோப்பக்கா கிளம்பிய நாள்

எங்கள் அத்தையைத் தெருவில் எல்லோரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்ததில் கை வெடித்து, கடைச் சோப்பைத் தொட்டாலே எரியும். அதனால் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். முதல் ஈடு செங்கல் மாதிரி வந்ததாம். "கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றாராம் மாமா. பிறகு தெருவே அவரிடம் வாங்கியது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது மாமா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேறொரு ஊரில், பெண்கள் விடுதி ஒன்றில் அத்தைக்கு வார்டன் வேலை காத்திருந்தது. இரண்டு முறை பெட்டி கட்டி, இரண்டு முறையும் பிரித்துவிட்டார். இந்தத் திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக விடுதியில் சொல்லிவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போய் விடுவது என் பொறுப்பு.

ஞாயிறு காலை மாடியேறிப் போனால், கட்டி வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் அத்தை கையுறை மாட்டிக்கொண்டு எண்ணெய் அளந்துகொண்டிருந்தார்.

"சாயங்காலம் ரயிலு. இப்பப் போய் சோப்பா?"

"இது சூடேறாம இருந்தாத்தான்டி நான் கிளம்ப முடியும்."

"சூடேறிட்டா?"

"அதனாலதானே ரெண்டு தடவையும் பெட்டியைப் பிரிச்சேன்."

சோப்புக் கலவையை அச்சில் ஊற்றிப் போர்வையால் மூடினால், அது தானாகவே உள்ளுக்குள் சூடேறி நடுவில் கண்ணாடி போலத் தெளியும். மூடாமல், ஆழமில்லாத தட்டில் ஊற்றினால் அந்தச் சூடு வராது. போர்த்துவது மாமாவின் வேலை. அவர் போன பிறகு அத்தை போர்த்துவதே இல்லை. ஆனாலும் சூடேறுகிறது என்றார்.

"அன்னிக்கு அவருக்கு லேசா ஜுரம். நல்லாத் தூங்கிட்டு இருந்தாரு, எதுக்கு எழுப்பணும்னு சொல்லிக்காமலே வேலைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து நெத்தியைத் தொட்டா சில்லுன்னு இருக்கு." எண்ணெயைப் பார்த்தபடியே பேசினார். "சூடா இருக்கிற மனுஷனை மறுபடியும் எப்படிடி விட்டுட்டுப் போறது?"

"கலவை ஆறறதுக்கு முன்னாடியே ஊத்தியிருப்பீங்க அத்தை."

"அப்ப நீயே பண்ணு. உலகம் சுத்தினவளாச்சே."

நானே செய்தேன். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டியதும் பாத்திரம் தகித்தது. ஆவி மூக்கைத் துளைத்தது. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி நன்றாக ஆறவிட்டேன். பிறகு எண்ணெயில் ஊற்றி, கரண்டியிலிருந்து விழுவது மேலே கோடாக நிற்கும்வரை கலக்கினேன். தட்டில் விரல் கனத்துக்கு ஊற்றி, ஜன்னலுக்கு நேரே சிமெண்டுத் தரையில் வைத்தேன். வெளியே மழை. தட்டின் அடியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

அத்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு நான்தான் போய்ப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெளுப்பாக இருக்க, நடுவில் நீளவாக்கில் தெளிந்திருந்தது. தட்டின் அடியில் விரலை நுழைத்தேன். அடுப்பின் சூடு அல்ல அது. காய்ச்சல்காரரின் நெற்றியில் இருக்குமே, அந்தச் சூடு. கையை எடுத்துத் தரையில் ஊன்றினேன். தரையும் வெதுவெதுப்பாக இருந்தது. தடவிக்கொண்டே போனேன். ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு அப்படி இருந்தது. அதைத் தாண்டினால் மழைக்குளிர்.

என் முகத்தைப் பார்த்ததுமே அத்தைக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். ஸ்டேஷனுக்குப் போக வரச்சொல்லியிருந்த வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்தார்.

"விடுதியில என்ன சொல்றது அத்தை?"

அத்தை பாதி அவிழ்ந்த பட்டையை விட்டுவிட்டு எழுந்து வந்து, தட்டருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சோப்பை அல்ல, அதற்கு அப்பால் இருந்த வெறும் தரையைப் பார்த்துப் பேசினார்.

"எத்தனை நாளைக்குங்க இப்படி? அன்னிக்கு எழுப்பாமப் போனது தப்புதான். அதுக்குன்னு என்னை இங்கேயே உட்கார வெச்சுப்பீங்களா? இதோ, இப்ப எழுப்பறேன். கேட்டுக்கங்க. போயிட்டு வ..."

பாதியில் நிறுத்தினார். 'வரேன்' என்பதைச் சேர்க்காமல் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

"போறேங்க" என்றார்.

எழுந்து பட்டையை இறுக்கினார். தட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. வெளியே வந்து பூட்டியதும் சாவியை என் கையில் திணித்தார்.

"வீட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணு இருக்கு. இதை ஜன்னல் வழியா உள்ளே போட்டுடு. என் கையில இருந்தா திரும்பி வந்துடுவேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடகடவென்று படியிறங்கினார். நான் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுச் சாவியை நழுவவிட்டேன். சிமெண்டில் விழும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். வரவில்லை.

"போட்டியாடி?" கீழேயிருந்து அத்தையின் குரல்.

"போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி ஓடினேன்.