கீறாமல் விட்ட மரம்

வைரக்கண்ணு மரம் வெட்டப் போனால் எடுத்ததும் அரிவாளை ஓங்க மாட்டார். பட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். அதை மென்று முடிக்கிறதற்குள் நீர் கசிகிறதா, பிசினா, பாலா என்று மரமே சொல்லிவிடும். பேராவூரணிப் பக்கம், "வெட்டுறதைவிட நாடி பாக்குறதுதான் ஜாஸ்தி" என்று கேலி பேசுவார்கள். பேசட்டுமே, உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

முப்பது வருஷப் பழக்கம். ஒரே ஒரு நாள் விட்டார், அதுவும் கஜா புயல் அடித்த வாரம். கடலோரத்தில் சாய்ந்த மரங்களை அறுத்து வழி விட்டால்தான் தண்ணி லாரி ஊருக்குள் வரும். வாய்க்கால் சேற்றில் ஒரு மரம் இலையெல்லாம் சேறாகக் கிடந்தது. கீறவில்லை, உட்காரவில்லை. "பூவரசுதான், இழு" என்று கூட வேலைக்கு வந்த மனைவி பிரகதாம்பாளிடம் சொன்னார். வெட்டுப்பட்ட கிளை விசிறியடித்ததில் அவள் வலது கண்ணில் ஏதோ தெறித்தது.

சாயங்காலத்துக்குள் கண் வீங்கி மூடிக்கொண்டது. ஆடி மாசம் மாரியம்மனுக்கு எடுக்கவேண்டிய தீச்சட்டியை அந்த வருஷம் அவள் எடுத்திருக்கவில்லை. அம்மன் குத்தம்தான் என்று அவளே முடிவுகட்டி வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "என்னம்மா பட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார். வைரக்கண்ணு முந்திக்கொண்டு, "தூசிங்க" என்றார். அவர் முழங்கையில் அதே மரத்துப் பால் பட்ட இடம் கொப்பளித்துக் கிடந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அந்தக் கண் போனது போனதுதான். அதற்கப்புறம் பிரகதாம்பாள் ஒரு ஆடியும் தவறவிடவில்லை. தீச்சட்டி எடுப்பாள், வெள்ளிக் கண்மலர் வாங்கி உண்டியலில் போடுவாள், "என் தப்புதான் ஆத்தா" என்று அழுவாள். வைரக்கண்ணு பக்கத்தில் நிற்பார். முதல் வருஷம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் வாயைத் திறக்க மாட்டாத நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன மாசம் அதிராம்பட்டினம் பக்கமிருந்து ராமச்சந்திரன் என்பவர் கூப்பிட்டார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், மறுநாள் வீட்டில் விருந்து. கொல்லையில் தானாக முளைத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் மரத்தை எடுத்தால் பந்தலுக்கு இடமாச்சு, அடுப்புக்கு விறகுமாச்சு. அது என்ன மரம் என்று மட்டும் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

வைரக்கண்ணு கீறினார். வெற்றிலையை எடுக்கக்கூட நேரமில்லை, வெள்ளை வெளேரென்று பால் வழிந்தது. உதிர்ந்த இலைகள் செக்கச்செவேலென்று கிடந்தன. தில்லை மரம். அவருக்குப் பயம்கூட வரவில்லை. "நீ தள்ளிப் போ" என்றார், குடத்தோடு வந்த மனைவியிடம். அவள் நாலடி தள்ளி நின்றாள்.

"சார், இது பால் மரம். உடம்பை மூடிக்கிட்டு, கண்ணாடி போட்டுத்தான் வெட்டணும். விறகுக்கு வேணாம்."

ராமச்சந்திரன் சிரித்தார். "ஆலமரத்துலயும்தான் பால் வருது. சமையல்காரங்ககிட்ட விறகு இருக்குன்னு சொல்லிட்டேனே."

கூலி வேண்டாமென்று சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வேறு எவனாவது வந்து வெட்டுவான். விருந்தன்று அடுப்பைச் சுற்றி நிற்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, யார் செய்த பாவமோ என்பார்கள். அது வைரக்கண்ணுவுக்கு நன்றாகத் தெரிந்த பேச்சு.

"இது தில்லை சார். புகையே கண்ணுக்கு ஆகாது. பாலு தெறிச்சா பார்வை போயிடும்" என்றார். "நம்பலைன்னா இவ கண்ணைப் பாருங்க. இந்த மரம்தான். கீறிப் பாக்காம நான்தான் இழுக்கச் சொன்னேன்."

அடுத்த வீட்டுச் சமாசாரத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார். ராமச்சந்திரன் முகத்தில் சிரிப்பு போயிற்று. பிரகதாம்பாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஆத்தா இல்லையா?"

"இல்லை."

"நான் தீச்சட்டி எடுக்காததுக்கு இல்லையா?"

"இல்லை, பிரகதா."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் கத்தவில்லை.

"ஏழு வருஷமா அவ கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேங்க" என்றாள். "நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

ஆமாம், பக்கத்தில்தான் நின்றார். விபூதிகூட வாங்கிப் பூசிக்கொண்டார்.