ஒப்புதல் கொடுத்த குரல்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. பேய்ப் படம் பார்த்தால்கூட "மேக்கப் சரியில்லடா" என்று சிரிக்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் இன்றுவரை அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வாடகை வீடு. குடி போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வாசல் கேட்டுக்கு வெளியே, இரண்டடி தள்ளி ஒரு பழைய வடிகால் குழி. லாரி ஏறி அதன் மூடி நொறுங்கி உள்ளே விழுந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அக்கா அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தாள். ஆனால் பலகை எத்தனை நாளைக்கு? அவள் மகனுக்கு மூன்று வயது. வீட்டில் அவன் பெயர் புயல். கேட் தாழ்ப்பாளைத் திறக்க அப்போதுதான் கற்றிருந்தான்.

நகராட்சிப் புகார் எண்ணுக்கு அடித்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பாட்டைக் கேள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒரு மூட்டைத் துணியை மடித்து முடித்தாள். ஒருவழியாகப் புகாரை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் செய்தி வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. வீட்டார் தொலைபேசியில் உறுதி செய்தார்.'

ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். குழி அப்படியே இருந்தது.

"நீங்களா சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க?" என்று தன் கணவரை, எங்கள் மாமாவை, பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு யாரும் போனே பண்ணல. நீ பண்ற போனையே எடுக்க நேரமில்ல."

"அதையும் ஒருநாள் பேசிக்கிறேன்."

மறுபடி புகார் கொடுத்தாள். மறுபடி அதே செய்தி. மூன்றாவது தடவையும் அதே...

நான்காவது தடவை அடித்தபோது மதியம் மூன்றேகால். புயல் தூங்கிக்கொண்டிருந்தான். போனை எடுத்தது ஒரு சின்னப் பெண்.

"ஏம்மா, குழி அப்படியே கெடக்கு. எந்தப் புண்ணியவான் சரியாயிடுச்சுன்னு சொன்னான்?"

"நாங்க கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் முடிப்போம் மேடம். உங்க கதவு எண்ணுக்கு ஏற்கெனவே ஒரு போன் நம்பர் பதிவாகியிருக்கு. அதுல ஒருத்தர் எடுத்துப் பேசினாரு."

"அது முன்னாடி குடியிருந்தவரோடதா இருக்கும்மா. மாத்திடுங்க."

"மாத்தலாம் மேடம். அந்தப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும். அதைப் பார்த்துச் சொல்லுங்க."

அக்காவுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எல்லா காலும் பதிவாகுதுன்னு தெனமும் படிக்கிறீங்கல்ல? அந்த ஆள் பேசினதைப் போடு. என் காதால கேக்குறேன்."

அந்தப் பெண் தயங்கினாள். "சார் டீ குடிக்கப் போயிருக்காரு. சீக்கிரமா கேட்டுக்கோங்க."

பதிவு ஓடியது. முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம். டொப்... டொப்...

"சார், மூடி போட்டாச்சா?" அதே பெண்ணின் குரல்.

"போட்டாச்சு." ஓர் ஆண் குரல். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல.

"நன்றி சார்."

டொப்... டொப்...

"அம்மா... நான் உள்ள இருக்கேன்மா..." அதே ஆண் குரல்.

பதிவு முடிந்தது.

"மேடம்..." அந்தப் பெண் அவசரமாக லைனுக்கு வந்தாள். "கடைசியா சொன்னதை நான் கேக்கவே இல்ல. போட்டாச்சுன்னதும் அடுத்த காலுக்குப் போயிடுவோம். இருங்க, இன்னொரு லைன்ல அந்த நம்பருக்கு அடிக்கிறேன்... ரிங் போகுது."

அக்காவுக்கும் கேட்டது.

போனில் இல்லை. வாசலில்.

திரும்பிப் பார்த்தாள். பாய் காலி. கேட் திறந்திருந்தது. பலகை ஓரமாகக் கிடந்தது.

புயல் குழி விளிம்பில் குப்புறப் படுத்திருந்தான். தலை உள்ளே. ஒரு கை உள்ளே.

"எட்டல அங்கிள்... இன்னும் கையை நீட்டுங்க..."

பாய்ந்து அவன் கால்களைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

மூன்று வயதுப் பிள்ளை... வரவில்லை.

கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது...

சட்டென்று நின்றது. பிள்ளை அவள் மடியில் வந்து விழுந்தான்.

கையிலிருந்த போனில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "மேடம்... எடுத்துட்டாரு..."

"என்ன சொல்றாரு?"

"மறுபடியும் மூடி போட்டுடாதீங்கங்கறாரு..."

அன்று சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் இறங்கினார்கள். இடிபாட்டுக்கு அடியில் ஓர் ஆளின் எலும்புகள். பக்கத்தில் சேறு ஏறிக் கட்டிதட்டிப்போன ஒரு போன். வீட்டு உரிமையாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிட்டான்னுல்ல நெனச்சோம்..."

அக்காவுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர் அவர்; இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே குழிக்கு மூடி கேட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். நல்ல மழை நாளில் தவறி உள்ளே விழுந்திருக்கிறார். அன்றைக்கே ஆட்கள் வந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், மூடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த எண்ணைப் போன் கம்பெனி துண்டித்தே ஒன்றரை வருடம் ஆகிறது. பிறகு எப்படி மணி அடித்தது? யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பெண் வேலையை விட்டு நின்ற பிறகு, தன் சொந்தப் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னது.

மூடி போட்ட அன்று அந்த எண்ணிலிருந்து புகார் லைனுக்குப் பதினொரு அழைப்புகள் வந்திருக்கின்றன. நனைந்த போனில் கடைசியாக அடித்த எண் மட்டும்தான் வேலை செய்ததோ என்னவோ. மழை என்பதால் ஊரே அங்கே அடித்துக்கொண்டிருந்தது. பத்து அழைப்புகள் தானாகத் துண்டாகிவிட்டன. பதினொன்றாவதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார்.

அந்த அழைப்பு நின்றுபோனபோது, வரிசையில் அவருக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தாராம்.