மீட்டர் சரி, முட்டை சரியில்லை

எங்கள் கோழி தண்ணீர் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று, அது இட்ட ஒன்பது முட்டைகள் கூடையில் இருந்தன. இன்னும் இரண்டு நாளில் அடைக்கு உட்கார்ந்திருக்கும். ஒரகடம் கூட்டுரோட்டில் நெரிசல் என்றால் கம்பெனிகளுக்குப் போகிற லாரிகளெல்லாம் எங்கள் தெருவில் திரும்பிவிடும்.

அது என் மனைவியின் கோழி. கல்யாணமாகி வந்தபோது அவள் கையோடு கொண்டுவந்த பெட்டையின் வழியில் வந்தது. மற்றவை போன கோடையில் நோய் கண்டு போய்விட்டன. அந்த வரிசையில் மிச்சம் என்று இருந்தது இந்த ஒன்பது முட்டைதான். அவள் அழவில்லை. யார் வீட்டிலாவது அடைக்கோழி இருக்கிறதா என்று தெருத்தெருவாகக் கேட்டுவிட்டு வந்தாள். எனக்கு நாலு வீட்டு வாசலில் நின்று கேட்கக் கூச்சம். அடைக்கோழி எங்கேயும் கிடைக்கவில்லை. கூடையை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டி ஒண்ணு செய்யட்டா?" என்று கேட்டேன்.

"செய்யேன். கேட்டுகினு நிக்கிற" என்றாள்.

நான் ஒரு கம்பெனியில் பெயின்ட் ஷாப் என்கிற பெயின்ட் அடிக்கும் பிரிவில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஹியூமிடிட்டி என்ற சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கே சுவரில் இருக்கும் மீட்டர்தான். காற்றில் எத்தனை ஈரம் என்று அது காட்டும். குறைந்தால் தரையில் தண்ணீர் அடிக்க வேண்டும். சிவப்புக் கோட்டைத் தாண்டினால் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். பதினோரு வருடமாக அந்த மீட்டரைப் பார்த்தபடிதான் துடைப்பம் பிடிக்கிறேன்.

மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே ஒரு பல்பு, ஒரு சின்ன ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைக்கும் கண்ட்ரோலர், ஒரு கிண்ணத்தில் தண்ணீர். மூடியில் வெட்டிய ஓட்டைக்கு ஒரு கண்ணாடித் துண்டு. ஈரம் பார்க்கும் மீட்டரை ஸ்ரீபெரும்புதூரில் வாங்கியபோது, கடைக்காரர் "அறுபதுல வச்சிக்கங்க" என்றார். வைத்தேன். ஐம்பத்தெட்டு வந்தால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன். அறுபத்திரண்டு வந்தால் கொஞ்சம் எடுத்தேன். வேலைக்குப் போகும்முன், வந்தபின், சாப்பிடும்போது, எழுந்துபோய் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் வாசலிலிருந்தே கேட்டாள். "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரே அடைக்கு உக்காந்துகினு கீறாராமே?"

"ஆமாடி. இது கொக்கரிக்காத கோழி. அதான் உனக்குச் சத்தமே கேக்கல" என்றாள் என் மனைவி. நான் உள்ளே சிரித்தேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி விளக்குக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறாள். லைன் முடியும் இடத்தில் கண்ணாடி வரும். வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்த்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர், ஆகாததற்குச் சிவப்பு. மஞ்சள் ஒன்றும் உண்டு. அது தள்ளிவிடாதே, இன்னொரு முறை பார் என்று அர்த்தம். அவள் போடும் கம்பெனிக் கோட்டின் கையில் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு ஸ்டிக்கர் தினமும் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் பிரிட்ஜ் கதவு முழுக்க அதுதான். ஒரு ஷிப்டில் எத்தனை கண்ணாடி அவள் கண்ணைத் தாண்டிப் போகிறது என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும். வீட்டுக்கு வந்தும் அந்தக் கண் ஓயாது. சோற்றுத் தட்டை எடுத்தால் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பாள்.

எட்டாம் நாள் முட்டைகளை ஒவ்வொன்றாகக் குளியலறைக்கு எடுத்துப் போனாள். அங்கேதான் பகலிலும் இருட்டு. போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தாள். முட்டையின் பருத்த பக்கத்தில் காற்று நிற்கும் ஒரு சின்ன அறை உண்டு. முட்டைக்குள் இருக்கும் ஈரம் ஓட்டின் வழியாக வெளியேற வெளியேற அந்த அறை பெரிதாகும். பொரியும் நாளில் குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும். பெட்டிக்குள் ஈரம் அதிகமாக இருந்தால் முட்டையின் ஈரம் வெளியே வராது, அறையும் பெரிதாகாது. குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டிவிடும்.

"ரூம்பு சின்னதா கீது" என்றாள்.

"மீட்டரு அறுபதுதான் காட்டுது."

"மீட்டரு சரியாத்தான் கீது. முட்டதான் சரியில்ல."

"கடைக்காரரு அறுபதுன்னுதான் சொன்னாரு."

"கடைக்காரரு இன்னா, முட்டைக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தாரா?"

அடைக்கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து எடுத்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். எந்த நாளில் அறை எவ்வளவு இருக்கும் என்பது அவள் கண்ணில் இருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் அறையின் எல்லையில் பென்சிலால் கோடு போட்டாள். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒட்டினால் ஓடு மூச்சு விடாது என்றாள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே ஐப்பசி மழை. அந்தக் காற்றே போதும் என்பது அவள் முடிவு. மீட்டர் நாற்பத்தைந்துக்கு இறங்கியது. எனக்குக் கை அரித்தது. கம்பெனியில் அந்த எண் வந்தால் நான் பைப்போடு ஓடவேண்டும். ஆனால் பதினான்காம் நாள் அவள் பார்த்தபோது அறைகள் பழைய கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தன. புதுக் கோடு போட்டாள். இரண்டு முட்டையில் நரம்பே ஓடவில்லை. அவற்றை எடுத்துவிட்டாள். மிச்சம் ஏழு. அவள் மட்டும் பார்த்திராவிட்டால் ஏழையும் என் அறுபதில் மூழ்கடித்திருப்பேன்.

பதினெட்டாம் நாள் கிண்ணத்தை அவளே திரும்ப வைத்து, ஈர ஸ்பாஞ்ச் ஒன்றும் போட்டாள். மீட்டர் எழுபதுக்குப் போனது. "இப்ப ஈரம் வேணும். இல்லன்னா உள்ள இருக்கிற தோல் காஞ்சி குஞ்சு மேலயே ஒட்டிக்கும். எல்லாம் வெளிய வர்ற வரைக்கும் மூடிய தொறக்காத" என்றாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள்.

இருபத்தொன்றாம் நாள் அவளுக்குப் பகல் ஷிப்ட். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். எனக்கு வார விடுமுறை. பத்து மணிக்கு முதல் குஞ்சு வந்தது. பதினொன்றுக்குள் மூன்று. இன்னொரு முட்டையில் ஓட்டை விழுந்து அலகு தெரிந்தது. ஈரக் குஞ்சுகள் காயக் காய மீட்டர் ஏறியது. எழுபத்தெட்டு. எண்பத்து மூன்று. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

திறக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மீட்டர் கோட்டைத் தாண்டி நின்றால் சும்மா இருக்க என் உடம்புக்குத் தெரியாது. டேப்பை உரித்தேன். மூடியைத் தூக்கித் துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு பெட்டியின் நான்கு பக்கச் சுவரையும் மேலிருந்து கீழாக, கம்பெனியில் துடைக்கிற மாதிரியே, மூலை விடாமல் துடைத்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் இறங்கியது. நிம்மதியாக மூடினேன்.

ஒரு மணி நேரத்தில் ஓட்டை விழுந்த முட்டையில் தோல் வெள்ளைக் காகிதம் மாதிரி காய்ந்துவிட்டது. அலகு அசைந்தது. சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன்.

"தொறந்துட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"தொடச்சேன்."

"இன்னாத்த?"

"கண்ணாடிய. அப்பறம் சொவுரு."

அவள் என்னைப் பார்த்தாள். "தரைக்கு மாப்பு போடலியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். கை கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சைத் தோய்த்து, பிழிந்து, அந்தத் தோல் மேல் ஒற்றினாள். அலகுக்குள் ஒரு சொட்டும் போகவிடவில்லை. ஊசி முனையளவு உரிப்பாள். சிவப்பாக நரம்பு தெரிந்தால் உடனே நிறுத்திப் பெட்டியில் வைத்து மூடுவாள். "இன்னும் ரத்தம் உள்ள போவல. நம்ம அவசரம் அதுக்கு ஆவாது." கால் மணி காத்திருப்பாள். மறுபடி எடுப்பாள். எட்டு மணி நேரம் நின்று கண்ணாடி பார்த்துவிட்டு வந்தவள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் தண்ணீரைச் சூடாகவே வைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் என்னை அவள் விடவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காம் முறை எடுத்தபோது அதுவே காலை உதைத்து ஓட்டைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு. மொத்தம் ஆறு. ஏழாவது முட்டையில் கீறல்கூட விழவில்லை. அதைக் கொல்லையில் அவளே புதைத்தாள். ஆறில் ஒன்றுக்குச் செத்த தாயின் கழுத்திலிருந்த அதே கறுப்பு வளையம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் அழுதாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். "அண்ணே, முதுகுல இன்னாமோ மஞ்சளா ஒட்டிகினு கீது. எடுத்துடட்டா?"

"இருக்கட்டும் விடுங்க" என்றேன். ஷிப்ட் முடியும் வரை அது அங்கேயே இருந்தது.