சுத்தபோசனம்: ஓர்ஸ் ஹில்லில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாடு

வியாழன், பின்னேரம். நுவரெலியாவிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து திருகோணமலை என்று இரண்டு பஸ் மாறி, கம்பளிச் சட்டையோடு இறங்கிய எங்களைப் பார்த்து பஸ் நிலையத்து நாய்கூடச் சிரித்திருக்கும். மலையில் போட்டதைக் கழற்றி மடித்துப் பையில் திணிப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. என் மனைவி மல்லிகாவுக்குச் சளி வேறு. மூக்கு அடைத்து, எந்த வாசமும் தெரியாமல், போதாக்குறைக்கு என்மேல் கோபமாகவும் இருந்தாள். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னது நான்தானாம்.

நான் நுவரெலியாவில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். அங்கே வந்து தங்குகிறவர்கள் ஏரி எங்கே, பூந்தோட்டம் எங்கே என்று கேட்பதைவிட, காலையில் எங்கே சாப்பிடலாம் என்றுதான் அதிகம் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி, காலைச் சாப்பாட்டு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு எனக்கு வந்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தேடுவேன். ஆனால் இந்தமுறை நாங்கள் வந்தது சாப்பிட அல்ல.

எங்கள் மகள் சரண்யா கண்டி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். ஏழாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முன்னே இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்றே மல்லிகா வெருகல் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் அறையில் தங்கிப்போன மூதூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர் அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லியிருந்தார். அவன் வாசலுக்குப் போய் அர்ச்சனை செய்யும்வரை கவுச்சி தொடமாட்டேன் என்பது நேர்த்தி. எங்கள் பக்கம் கவுச்சி என்பதை இங்கே மச்சம் என்கிறார்கள். மீன் இல்லாவிட்டால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறவள், அன்றிலிருந்து முட்டையைக்கூடக் கையால் தொடவில்லை.

வெள்ளி, காலை ஆறரை. திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் மேட்டில் நாங்கள் எடுத்த அறைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபா. காலைச் சாப்பாடு கிடையாது. எட்டு மணிக்கு வெருகல் போக ஓட்டோ பேசியிருந்தோம். போக அறுபத்தைந்து கிலோமீற்றர், காத்திருந்து திரும்பிவர எல்லாமாகப் பன்னிரண்டாயிரம். ஓட்டோக்காரர் ரிஸ்வான் கிண்ணியாக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். வெறும் வயிற்றோடு அவ்வளவு தூரம் குலுங்கிப்போக மல்லிகாவால் முடியாது என்பதால் சாப்பாடு தேடி இறங்கினோம்.

அது ரமழானும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் சேர்ந்து வந்திருந்த மாசி மாதம். முஸ்லிம் கடைகள் நோன்புக்காகக் காலையில் பூட்டு. சைவக் கடை என்று பேர்ப்பலகை மாட்டித் திறந்திருந்த ஒன்றுக்குப் போனால், கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில் வடை, கீழ்த்தட்டில் முட்டை ரொட்டி. மல்லிகா வாசலோடு திரும்பிவிட்டாள். முட்டை கீழேதானே இருக்கிறது, ஏறி வந்து வடையைத் தொடுமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்; அவளிடம் ஒன்றும் பறக்காது.

மேட்டில் திரும்பி ஏறும்போதுதான் அந்தப் பலகையைக் கண்டோம். ஒரு வீட்டின் முன் விறாந்தை, நான்கு மேசை, பிளாஸ்டிக் கதிரைகள். வாசலில் வெண்கட்டியால் எழுதியிருந்தது: இடியப்பம், பிட்டு. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். மல்லிகாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏங்க, பாருங்க, முருகனே எழுதி வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

கடைக்காரி பிலோமினாவுக்கு அறுபதுக்குக் கிட்ட இருக்கும். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். பக்கத்துக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள் வந்து, நின்ற நிலையிலேயே பார்சல் கட்டிக்கொண்டு போனார்கள். இடியப்பம் ஒன்று இருபது ரூபா. சொதியும் கறியும் கேட்டுக் கேட்டு விடுவார். மல்லிகா ஏழு இடியப்பம் சாப்பிட்டாள். உருளைக்கிழங்குச் சொதி, தேங்காய்ச் சம்பல். பத்தாததற்குச் சம்பலை இரண்டாம்முறையும் வாங்கினாள். எனக்கு வயிற்றுப்புண், காலையில் உறைப்பு ஆகாது. குரக்கன் பிட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பிட்டு பூப்போல உதிர்ந்தது.

எழும்பும் நேரத்தில் ஆசை விடவில்லை. அவள் தட்டிலிருந்து ஒரு விரல் சம்பலை எடுத்து நாக்கில் வைத்தேன். வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். தொழில் புத்தி முந்திக்கொள்ள, "அக்கா, இதுக்கு மாசி எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு உறைத்தது.

அவர் ஒரு பிடி போட்டு உரலில் இடிப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். மல்லிகாவின் கை தட்டில் அப்படியே நின்றது. மாசி என்றால் மாலைதீவிலிருந்து வருகிற காய்ந்த மீன். இந்த நாட்டில் பாலருந்தும் குழந்தைக்கும் அது தெரியும். மூக்கு அடைத்திருந்தவளுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

எழுந்து முற்றத்துக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். நான் நேர்த்தியைப் பற்றியும் சரண்யாவைப் பற்றியும் சொல்லி, கடைக்காரியைப் பிடித்து ஏசினேன். பொய்யை எழுதி மாட்டிவிட்டு யாவாரம் செய்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். பிலோமினாக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். கழுத்தில் சின்னச் சிலுவை ஒன்று கிடந்ததை அப்போதுதான் கண்டேன்.

"பொய் எழுதேல்லை, தம்பி. எங்கட வேதத்திலை சுத்தபோசனம் எண்டால் இறைச்சி இல்லை, அவ்வளவுதான். மீன் தின்னலாம். இஞ்சை வாற சைவ ஆக்களுக்கு இது தெரியும், அவை சம்பல் வேண்டாம் எண்டு சொல்லித்தான் வாங்குறவை. நீங்கள் புதுசு. நான் கேட்டிருக்க வேணும், கேக்காமல் விட்டிட்டன்."

மல்லிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவங்களை ஏன் திட்டுகிறீர்கள், வாசித்துவிட்டு உள்ளே வந்தது நாம்தானே என்று என்னைத்தான் அடக்கினாள். பிறகு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. கோயிலுக்கு இன்னும் அறுபத்தைந்து கிலோமீற்றர்தான். "இனி எந்த மூஞ்சியோட அவன் முன்னால போய் நிக்கிறது? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா, இந்தச் சம்பல்தானேங்க என் கண்ணுக்குள்ள நிக்கும்" என்றாள்.

அந்த நேரம் அறைக்குப் போகிற வழியில் எங்களைக் கண்டு ரிஸ்வான் ஓட்டோவை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டவர், தங்கள் நோன்பில் மறந்துபோய் ஒருவர் தின்றுவிட்டால் நோன்பு முறியாது, அல்லாஹ் ஊட்டியது என்று விட்டுவிடுவோம் என்றார். தங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, சுவாமியாரிடம் சொன்னால் தீரும் என்றார் பிலோமினாக்கா. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழி வச்சிருக்காங்க. எங்களுக்கு நேர்த்தின்னா நேர்த்திதான்" என்று மல்லிகா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிலோமினாக்கா குசினிக்குள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "அப்ப நானும் வாறன், தங்கச்சி. போட்டது நான். உங்கட முருகனிட்டை நானே சொல்லுறன்." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், மிச்சத்தைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் காசைத் தகரப் பேணிக்குள் வையுங்கள் என்றார். அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார். மல்லிகாவும் எழும்பி வந்து பக்கத்தில் ஏறினாள்.

எட்டரை முதல் பத்தரை வரை. கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது நல்ல காற்று. மூதூரில் கட்டைபறிச்சானுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக ஓடும் தெருவில் போனோம். பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ரிஸ்வானுக்கு நோன்பு. பிலோமினாக்கா ஒருசந்தி, மத்தியானம் ஒரு நேரம்தான் சாப்பாடு. மல்லிகா தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டாள். இவர்களுக்கு நடுவில் எந்த விரதமும் இல்லாமல், வயிறு முட்டப் பிட்டுத் தின்றவன் நான் ஒருவன்தான். மடியில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு, தாகமெடுத்தும் திறக்க வெட்கமாக இருந்தது. வழியெல்லாம் பிலோமினாக்கா சரண்யாவைப் பற்றியே விசாரித்தார். என்ன சாப்பிடுகிறாள், கால் வீக்கம் உண்டா, புருஷன் பக்கத்தில் இருக்கிறானா. மல்லிகா முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். ஆற்றுப் பக்கம் வந்தபோது அவளே கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் கூட்டமில்லை. ரிஸ்வான் வெளியே மரநிழலில் ஓட்டோவை நிறுத்திக்கொண்டார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். சரண்யா, ரோகிணி என்றாள் மல்லிகா. சொல்லிவிட்டு, பின்னால் தூணோரம் ஒதுங்கி நின்ற பிலோமினாக்காவைக் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, இவங்க பேருக்கும் என்றாள். ஐயர் சிலுவையைப் பார்த்தார். பிறகு அவரிடமும் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டார்.

"பிலோமினா. நட்சத்திரம் தெரியாது, ஐயா. மாசி போட்டது நான் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. கோவத்தை அந்தப் பிள்ளையிலை காட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

ஐயருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் சிரிக்கவில்லை. அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லி அர்ச்சனையை முடித்தார். காலையிலிருந்து அழாத மல்லிகா அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. காலையில் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பசிக்கிறது, வாருங்கள் போவோம் என்றார் பிலோமினாக்கா.

சனி, காலை ஏழு மணி. கண்டி பஸ்ஸுக்கு முன்னால் மறுபடியும் அதே விறாந்தை. நேர்த்தி முடிந்துவிட்டதால் மல்லிகாவுக்குப் பாரைமீன் குழம்பு. முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினாள். எங்கள் ஊரில் நான் ஆட்களைக் கடைக்கு அனுப்பும்போது விலையும் ருசியும்தான் சொல்லி அனுப்புவேன். சமைக்கிறது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஓர்ஸ் ஹில்லில் காலையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், மேட்டில் ஏறும்போது வெண்கட்டிப் பலகையைப் பாருங்கள் என்பேன். சைவம் என்றால் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. அந்தச் சனிக்கிழமைச் சம்பலில் உப்புக் கரித்தது. நேற்று முருகன் முன்னால் நின்ற பயம் இன்னும் போகவில்லையா, கை நடுங்கி உப்பைக் கொட்டிவிட்டீர்களா என்று பிலோமினாக்காவைச் சீண்டினேன்.

"ருசி பாக்கேல்லை, தம்பி. மீன், மாசி ஒண்டும் நாக்கிலை வைக்கிறேல்லை எண்டு நேற்று அங்கை சொல்லிப்போட்டன். தங்கச்சி முடிச்சிட்டா. பிள்ளை பிறக்குமட்டும் இனி நான் விரதம் பிடிக்கிறன்."

மல்லிகா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டி, அந்தச் சம்பலை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.