இக்காஸ்டிலிருந்து ஒரு வாக்கு

யோசனை வந்த இடம் டென்மார்க்கின் பிரெடெரிசியா ரயில் நிலையம். ஒடென்சேயிலிருந்து இக்காஸ்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி ரயில் மாற வேண்டும். அன்றைக்கு அடுத்த ரயில் தாமதம். நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, புள்ளியியல் படிக்கத் தொடங்கிய புதிது. நீந்தப் பழகியவளுக்குக் காணும் குட்டையெல்லாம் கடலாகத் தெரியும் பருவம். காதில் அந்த ஆண்டின் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு வந்த பாட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பதாவதோ பத்தாவதோ பாட்டில் சட்டென்று பட்டது: எது வெல்லும் என்று எனக்கு இப்போதே தெரிகிறதே! அப்படியானால் எப்படித் தெரிகிறது என்பதை எழுதி வைத்தால் என்ன?

நடைமேடை வாங்கில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியைத் திறந்து கட்டங்கள் போட்டேன். முன்பு வென்ற பாட்டுகள் எத்தனையாவதாக மேடையேறின, என்ன மொழி, அயல்நாடுகள் யார், பாடகர் தொடக்கத்திலேயே கமராவைப் பார்த்தாரா, நடுவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், வீட்டிலிருந்து பார்த்த சனம் எவ்வளவு கொடுத்தது. தாமதமாக வந்த ரயிலையும் தவறவிடப் பார்த்தேன்.

போட்டியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. நாட்டுக்கு ஒரு பாட்டு. புள்ளிகளில் பாதி நடுவர்களுடையது, மறுபாதி தொலைபேசியில் வாக்களிக்கும் பார்வையாளர்களுடையது. தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்க முடியாது. ஒரு நாட்டுச் சனம் அதிகம் விரும்பிய பத்துப் பாட்டுகளுக்குத்தான் அந்த நாட்டின் புள்ளிகள் போகும். மற்றவற்றுக்கு விழுந்த வாக்குகள் வெளியே தெரியவே தெரியா.

எங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு முறை இருந்தது. அம்மா கட்லட் பொரிப்பார். அப்பா சோபாவின் இடது மூலையில். வாக்கு அனுப்புவது என் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா தன் தொலைபேசியை என் கையில் தந்து, “நீதான் பிள்ளை எங்கட தபால்காரி” என்றார். அன்றிலிருந்து அவர் பாட்டின் இலக்கத்தைச் சொல்வார், நான் அந்த இலக்கத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புவேன். ஒரு தொலைபேசியிலிருந்து பல தடவை வாக்களிக்கலாம். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். “ஒரு ஆளுக்கு ஒண்டு. கள்ள வோட்டு ஊரோட போகட்டும்.”

அந்த ஒன்றையும் அவர் நல்ல பாட்டுக்குப் போடுவதில்லை. கடைசி இடத்துக்கு வரப்போகிற பாட்டுக்குத்தான் போடுவார். பாட்டு முடிந்ததும் பாடகரின் முகத்தை உற்றுப் பார்ப்பார். “உவன் ஆரும் கைதட்டுறாங்களோ எண்டு பாக்கிறான். உவனுக்குத்தான்.”

அம்மா அப்பாவைக் காட்டிச் சிரிப்பார். “பிள்ளை, கொப்பருக்குத் தன்ர சாதிச்சனத்தை உடன தெரிஞ்சிடும்.”

அதற்குப் பின்னால் ஒரு கதை. நான் சின்னவளாக இருந்தபோது இக்காஸ்டில் எங்கள் தமிழாக்கள் வாடகைக்கு எடுத்த மண்டபமொன்றில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். ஏழு பேர் பாடினார்கள். பார்த்தவர்கள் சீட்டில் பெயர் எழுதி ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட வேண்டும். முடிவைச் சத்தமாக வாசித்தார்கள். அப்பாவுக்கு ஒரு சீட்டு.

“அந்த ஒண்டை நான் போடேல்லை” என்று அம்மா அன்றைக்கே காருக்குள் சொல்லிவிட்டார். “நான் நல்லாப் பாடின ஆளுக்குப் போட்டனான்.”

“நீ போட்டனி எண்டு நான் சொன்னனானோ? ஆரோ ஒரு ஆள் போட்டது.”

“ஆரோ இல்லை. நீங்கள்தான் உங்களுக்குப் போட்டிருப்பியள்.”

“பெட்டி என்ர பக்கமே வரேல்லையப்பா!”

இந்தச் சண்டை எத்தனையோ வருடமாக ஓடியது. கடைக்குப் போனால்கூட வரிசையில் முன்னால் நிற்கும் தமிழாளைக் காட்டி அப்பா என் காதுக்குள் கேட்பார்: “உந்த அண்ணையாயிருக்குமோ?” அந்தச் சீட்டை எழுதியவரை அவர் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் நான் அதைச் செய்தேன்.

அட்டவணை செய்த முதல் ஆண்டு. போட்டி நடந்த சனிக்கிழமை, என் கட்டங்கள் கைகாட்டிய பாட்டு எல்லோரையும் அடித்துக்கொண்டு போகிறது என்பது அரங்கின் இரைச்சலிலேயே தெரிந்தது. என் தொலைபேசியிலிருந்து அதற்கு அனுப்பினேன். சந்தோஷத்தில் காது சூடேறியிருந்தது. அப்போதுதான் அப்பா தன் இலக்கத்தைச் சொன்னார். கட்டத்தில் பார்த்தேன், அடியிலிருந்து இரண்டாவது. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு மரியாதையான சொல் இல்லை. ஒரு வாக்கை இப்படிக் கடலில் போடலாமா? கூடப் படிக்கிறவர்களின் குழுவில் வேறு எழுதிவிட்டேன், எங்கள் வீடு முழுக்க இந்தப் பாட்டுக்குத்தான் என்று.

அப்பாவின் தொலைபேசியில் அப்பா சொன்ன இலக்கத்துக்குப் பதிலாக என் பாட்டின் இலக்கத்தைத் தட்டினேன். வாக்குக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி திரும்பி வந்தது. இரண்டையும் அழித்தேன்.

“அனுப்பியாச்சோ?”

அனுப்பிவிட்டேன் என்றேன், டேனிஷில். பொய் சொல்லும்போது எனக்கு டேனிஷ்தான் வாயில் வரும். அம்மா அப்பாவோடு நான் பாதி நேரம் டேனிஷில்தான் பேசுவேன் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

அவருடையதையும் அனுப்பியிருக்கலாம். ஒரு ஆளுக்கு ஒன்று என்பது அவருடைய விதி, போட்டியின் விதி இல்லை. முதலில் அவருடையதை அனுப்பி, பிறகு களவாக என்னுடையதை அனுப்பியிருந்தால் நான் வெறும் குறும்புக்காரி. இன்னொரு தடவை விரலால் தட்டுவதற்கு என்ன நேரம் பிடிக்கும்? அது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை அதிகம் சுடுவது இதுதான்.

என் பாட்டு வென்றது. துள்ளினேன். அடுத்த ஆண்டும் அப்படியே செய்தேன், இந்தத் தடவை யோசிக்காமல். கட்லட்டைக் கடித்துக்கொண்டே அனுப்பினேன். அந்த ஆண்டு வகுப்பில் என் அட்டவணையைத் திரையில் போட்டுப் பேசினேன். வெல்லும் பாட்டின் போக்கு, பார்வையாளர்களின் பழக்கம், அயலவர் பாசம், எல்லாவற்றையும் வேகமாக. ஒரு பெண் கையை உயர்த்தி, “வாக்களித்த யாரிடமாவது ஏன் வாக்களித்தாய் என்று கேட்டாயா?” என்றாள். ஆளாளுக்கு ஒரு காரணம், புள்ளியியலில் அது வெறும் இரைச்சல், கூட்டிப் பார்த்தால் அடங்கிவிடும் என்று பதில் சொன்னேன். கெட்டித்தனமான பதில் என்று எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் சோபாவின் இடது மூலையிலிருந்த இரைச்சலை அடக்கிய விதம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது ஆண்டு, அதாவது போன மே. அப்பா தேர்ந்தெடுத்தது ஒரு சின்ன நாட்டின் பையன். இருபது வயது இருக்கும். மேற்சட்டை கொஞ்சம் பெரிது, குரல் இரண்டு இடத்தில் பிசிறு தட்டிற்று. “பிள்ளை, உவனுக்கு” என்று அப்பா உடனேயே சொன்னார். நான் வழக்கம்போல் செய்துவிட்டு, தொலைபேசியைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பார்வையாளர் புள்ளிகளைச் சொல்லும் நேரம் வந்தது. அறிவிப்பாளர் ஒவ்வொரு நாடாகக் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லும்போது கமரா அந்தப் பாடகரின் முகத்திலேயே நிற்கும். அந்தப் பையனின் முறை. பூச்சியம். அரங்கமே ஓவென்றது. அவன் சிரித்தான். பக்கத்திலிருந்த தோழி அவன் தோளைப் பிடித்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தான், கமரா போகும்வரை சிரிக்க வேண்டுமே.

அப்பா எழும்பிவிட்டார். தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று கையை நீட்டி, “தம்பி, கவலைப்படாதை. எங்கட ஒண்டு இருக்கு” என்றார்.

“உங்கட ஒண்டை வச்சு அவன் என்ன செய்யிறது? இருங்கோ, மறைக்குது” என்றார் அம்மா.

“பூச்சியம் எண்டு சொல்லுறாங்களே, பிள்ளை. நாங்கள் போட்டனாங்களல்லோ?”

பத்துக்குள் வராத வாக்குகள் கணக்கில் தெரியாது என்று விளக்கினேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“அதைத்தான் நானும் சொல்லுறன்” என்றார் அப்பா. “தெரியாது. ஆனா இருக்கு.”

இல்லை, அப்பா. இருக்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலை அப்பா தேத்தண்ணியோடு என் அறை வாசலில் நின்றார். “அந்தப் பொடியனுக்கு ஒரு செய்தி எழுத ஏலுமோ? இங்கிலிஷில. உன்ர இங்கிலிஷ் வடிவு.”

“என்னெண்டு எழுத?”

“டென்மார்க்கில இக்காஸ்ட் எண்டு ஒரு ஊர். அங்க ஒரு தமிழ்க் குடும்பம். அவையின்ர ஒரு வோட் உனக்குத்தான் விழுந்தது. அவ்வளவுதான். கூட்டி எழுதாதை, பிறகு பொய் மாதிரிப் போயிடும்.”

கூட்டாமல் எழுதினேன். அவனுடைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, என் விரல்களாலேயே தட்டி, ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தி அனுப்பினேன். இரண்டு வாரம் பதிலில்லை. இனி வராது என்று ஒடென்சேயில் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, டிராமில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அன்றிரவு மேடைக்குப் பின்னால் எல்லோரும் ஆறுதல் சொன்னார்களாம், யார் சொன்னதும் காதில் ஏறவில்லையாம். “ஒன்று இருந்திருக்கிறது என்று இப்போது தெரியும். என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்” என்று எழுதியிருந்தான்.

அவன் அம்மாவுக்கும்.

அப்பாவிடமிருந்து மறைக்கப் பார்த்தேன். இரண்டு நாள் மறைத்தேன். ஏற்கனவே ஒன்றை எடுத்துவிட்டு இதையும் எடுப்பதா என்று தோன்றியதும் அனுப்பிவிட்டேன். அப்பா அதை வேலையிடத்தில் அச்சடித்தார். பண்டகசாலையில் கூட வேலை செய்யும் டேனிஷ்காரர்கள், பாட்டுப் போட்டி என்றாலே கண்ணை உருட்டுகிறவர்கள், சாப்பாட்டறையில் அதைக் கைமாற்றி வாசித்தார்களாம். அதிலொருவர் சொன்னாராம், வருகிற ஆண்டு நானும் கடைசி ஆளுக்கே போடப்போகிறேன் என்று. அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்தமொன்றின் கீழே இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பால் எடுக்கப் போனால் அதன் முன்னால் நிற்க வேண்டும். நான் கறுப்புத் தேத்தண்ணி குடிக்கப் பழகிவிட்டேன்.

அம்மாவும் மாறிவிட்டார். போன மாதம் யாரோ வீட்டுக்கு வந்து அந்தத் தாள் என்ன என்று கேட்டபோது, நக்கலடிப்பார் என்று நினைத்தேன். அப்பாவைக் காட்டி, “அது இவற்ற வோட்” என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மூன்று வருடமும் என் அட்டவணையின் கணிப்பு பொய்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அந்த வெற்றிக்குள் அப்பாவிடமிருந்து எடுத்த மூன்று வாக்குகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் அந்தப் பாட்டுகள் வென்றிருக்கும், அவற்றுக்கு அந்த மூன்று தேவையே இல்லை. தேவைப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே போகவில்லை.

இந்த ஆண்டுப் போட்டி வருகிற சனிக்கிழமை. அட்டவணையை இந்தத் தடவையும் செய்துவிட்டேன். வெட்கம் வந்தால் பழக்கம் போய்விடும் என்று யார் சொன்னது? ஆனால் அதில் ஒரு கட்டம் புதிது: ஏன். அது வெறுமையாக இருக்கிறது. எண்ணால் நிரப்ப முடியாத கட்டம் அது, யாரையாவது கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் பகல் வேலை, நான்கு மணிக்குத்தான் வருவார். நான் மதியத்துக்கு முன்பே இக்காஸ்டில் இறங்கிவிடுவேன். அப்பா தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருப்பார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும், அதுதான் முதல் கஷ்டம், நடுவில் நிறுத்தினால் அவருக்குப் பிடிக்காது. பிறகு சொல்ல வேண்டும். அந்தத் தாளைக் கதவிலிருந்து எடுப்பதா விடுவதா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பையனுக்கு உண்மையை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். மாலையில் அவர் என்னோடு கதைத்தால், தொலைபேசியை அவர் கையிலேயே கொடுத்து, இலக்கத்தை எங்கே தட்டுவது என்று மட்டும் காட்டிவிட்டு, சோபாவின் மறு மூலைக்குப் போய்விடுவேன்.

டேனிஷில் சொல்லப் போவதில்லை. டிராமில் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், எதிரே இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். “அப்பா, அந்த ஒண்டை நான் அனுப்பேல்லை.” நாலாவது சொல்லில் குரல் பிசிறு தட்டுகிறது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.