சித்தமானால் வருகிறேன்

என் வாயில் ஒரு வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும்: "கர்த்தருக்குச் சித்தமானா வரேன்." எர்ணாவூரில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற எனக்கு ஸ்க்ரூ டிரைவரைவிட அதுதான் அதிகம் உதவியது. வர மாட்டேன் என்றால் சண்டை வரும். வருகிறேன் என்றால் போய்த் தொலைய வேண்டும். இப்படிச் சொன்னாலோ, "ஆமென்" என்று போனை வைத்துவிடுவார்கள். போகாவிட்டால் பழி மேலே போய்விடும்.

எங்கள் சபையில் விசேஷச் சமையல் என்றால் திருவொற்றியூர் அக்காதான். அவர் சமையற்கட்டில் ஃபேன் நின்றுபோனது. மூன்று சனிக்கிழமை இதே வார்த்தையைச் சொன்னேன். மூன்று சனிக்கிழமையும் சித்தமாகவில்லை. அதில் ஒரு நாள் டிவியில் கிரிக்கெட் இருந்தது.

அப்புறம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் கூடிவந்தது. "அந்தக்கா பிரியாணி இல்லன்னா மாப்ள வூட்டாண்ட மானம் பூடும்" என்றாள் மனைவி. ஓடினேன்.

"திங்கக்கெழம நூறு பேருக்குக்கா. வந்துடுவல்ல?"

அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னார்: "கர்த்தருக்குச் சித்தமானா வரேன் தம்பி."

"இன்னாக்கா இப்டி சொல்ற? வருவியா மாட்டியா?"

"ஏன், வேதத்துல கீறதுதானே?"

"கீது... ஆனா..."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஃபேன் சும்மா தொங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அப்போதே ஸ்டூல் போட்டு ஏறினேன். கண்டென்சர் போயிருந்தது. இருபது நிமிஷ வேலை, அவ்வளவுதான்.

"இப்ப சொல்லுக்கா, வருவியா?"

"கர்த்தருக்குச் சித்தமானா வரேன்."

அடப்பாவமே! வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. "வெதச்சியே, அறு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை விடிந்தால், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் வரிசை கட்டி நின்றன. ஆட்டோகூட நுழைய வழியில்லை. அரிசி வந்துவிட்டது, கறி வந்துவிட்டது, அக்கா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தெருமுனையில் நின்று, ஆண்டவரே, இனிமேல் உம்மைச் சாக்குச் சொல்ல மாட்டேன் என்று நிஜமாகவே அழுதேன்.

அப்போது இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு நீளக் கரண்டி தெரிந்தது. பின்னால் அக்கா, தலையில் மசாலாக் கூடையோடு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? வரேன்னு சொன்னேன்ல?"

"சித்தமானான்னு சொன்னியேக்கா!"

"ரோடு ஆண்டவர் கையில கீது. காலு என்கிட்ட கீது. நவுரு, அடுப்பு பத்த வெக்கணும்."

பிரியாணி அமோகம். சாப்பிட்டுக் கைகழுவிய சம்பந்தி, "எங்க வூட்டு இன்வெர்ட்டர் மக்கர் பண்ணுது, சனிக்கெழம வர்றீங்களா?" என்றார்.

"கர்த்தருக்குச் சித்தமானா..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து அக்கா திரும்பிப் பார்த்தார்.

"...காலைல பத்து மணிக்கு வரேன்" என்று முடித்தேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நான் பயந்தது அதுதான் முதல் தடவை.