நான் சிபாரிசு செய்த பாலக் கீரை

கீரையைப் புகழ்கிறவர்களைக் கண்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பாலக் தின்றால் ரத்தம் ஊறும், கண் தெளியும், எலும்பு இறுகும் என்று வீட்டில் யாருடைய கைபேசியிலாவது ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறார். ஒரு காலத்தில் நான் பேசிய அளவு இவர்களில் எவரும் பேசியிருக்க முடியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் சுகாதாரப் பணியாளனாகப் போனபோது என் பையில் ஒரு பட்டமும் நிறைய பாலக் விதையும் இருந்தன. கரியாலூர்ப் பக்கத்து மலை ஜனங்கள் காட்டில் பறித்த கீரைகளைச் சாமைச் சோற்றோடு தின்றார்கள். அதை ஆட்டுத் தீனி என்று கூட்டத்தில் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கீரைகளில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் குடியிருப்புக்குப் பின்னால் நான்கு பாத்தி பாலக் போட்டு, வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி அங்கே வந்து நின்றாள். இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தது. நர்ஸ் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்.

"சார், அத்தத் தின்னா கொமட்டிக்கினே இருக்குதுங்க. வுட்டுட்டா இன்னா ஆவும்?"

நர்ஸைக் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என் பாத்திதான் பெரிதாகத் தெரிந்தது.

"மாத்திரை எதுக்கு? தினம் ஒரு கட்டு இதைத் தின்னு. எல்லாச் சத்தும் இதிலேயே இருக்கு" என்று பறித்துக் கொடுத்தேன்.

சொன்னதை அப்படியே செய்தாள். காட்டுக் கீரையை வேகவைத்து, கசப்புப் போக அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டுவது அவர்கள் வழக்கம். பாலக்கையும் அப்படித்தான் இறுத்தாள். ஒருநாள் அதை நேரில் பார்த்தும், அந்தத் தண்ணீரோடு சத்தும் போகிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பச்சை நிறமாக இருந்தால் சத்து. என் படிப்பு அதோடு சரி.

எட்டாம் மாதம் ஓடையில் தண்ணீர் மொள்ளும்போது மயங்கி விழுந்தாள். ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

டாக்டர் என்னை விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துப் பேசினார். கீரை நல்லதுதான், வைட்டமின்கள் உண்டு. ஆனால் பாலக்கில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும், இவ்வளவு சோகையை அது தீர்க்காது என்றார். முன்பே தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

மறுநாள் மலையிலிருந்து வந்த எங்கள் நர்ஸ் அவள் கட்டிலருகே நின்று கேட்டார். "ஏம்மா, குடுத்த மாத்திரைய இன்னா பண்ண? கோழிக்குப் போட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நானேதான் வுட்டுட்டேங்க. கொமட்டிச்சி."

"நல்லா இருக்குது! சாரு எத்தினி கூட்டம் போட்டுச் சொன்னாரு, காதுல வாங்குனியா நீ? நீங்களாவது சொல்லுங்க சார்."

நான் வாயைத் திறந்தேன்.

"இனிமேலாவது சொன்னபடி கேளும்மா" என்றேன்.

அவள், "செரிங்க சார்" என்றாள்.